குஞ்சுக் குட்டையில் வெள்ளைத் தண்ணீர்

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் அத்தை ஒருத்தி பால்கோவா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரியே பால்கோவா வாங்கி வருவது அதிகப்படிதான், ஏதோ பாசம். என் மனைவி ஹெப்சிபா டப்பாவைத் திறந்தாள். ஒரு விள்ளல் எடுத்துத் தட்டில் வைத்தாள். உள்ளே போய்ச் சின்னப் புட்டி ஒன்றை எடுத்து வந்து அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டாள். மாவு கலந்திருந்தால் நீலமாகிவிடுமாம். ஆகவில்லை. "நல்ல சரக்குதான் அத்தை" என்று சொல்லிவிட்டு மிச்சத்தை ருசித்துச் சாப்பிட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டுப் படி இறங்கிய அத்தை, இன்றுவரை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இவளோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறாய் என்று மில்லில் என்னைக் கேட்பார்கள். என் பெயர் ஜோயல். இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். கேட்பவர்களிடம் நான் என்ன சொல்வது? பால்காரர், கேஸ் போடுகிறவர், பிள்ளைகளின் டீச்சர், நான், யாரையும் அவள் நம்பமாட்டாள். ஆனால் எல்லாரையும் ஒரே அளவுக்கு நம்பமாட்டாள். அந்த நியாயத்தை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அவள் தூத்துக்குடியில் மீன்வளம் படித்தவள். படித்து முடித்ததும் மீன் தீவனம் விற்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. குளத்துக்காரர்களுக்கு ஆலோசனை சொல்கிற வேலை என்று சேர்த்துக்கொண்டு, கடைசியில் ஒரு பவுடரை விற்கச் சொன்னார்கள். மீன் வாடினால் அந்தப் பவுடர். வளரவில்லை என்றாலும் அதே பவுடர். இவள் சும்மா இருப்பாளா? வீட்டில் இரண்டு தொட்டி வைத்து, ஒன்றில் பவுடர் கலந்த தீவனமும் மற்றதில் கலக்காத தீவனமும் போட்டு வளர்த்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலத்தான் வளர்ந்தன. அதைக் கம்பெனிக் கூட்டத்திலேயே எழுந்து நின்று சொன்னாள். வேலை போயிற்று. அதற்காக அவள் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, வருத்தமெல்லாம் எனக்குத்தான்.

அதன்பிறகுதான் எங்கள் வீட்டு முன்னறை பரிசோதனைக்கூடம் ஆனது. சோபா இருந்த இடத்தில் கண்ணாடித் தொட்டிகள். டி.வி. இருந்த இடத்தில் புட்டிகள். இந்தப் பக்கம் இப்போது மீன் வளர்க்க வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள், பருத்தி விவசாயத்தைக் கைவிட்டவர்கள், யூடியூப் பார்த்துவிட்டு ஜே.சி.பி.யைக் கூப்பிட்டுக் குழி தோண்டியவர்கள். தண்ணீரை எடுத்துக்கொண்டு அவளிடம் வருவார்கள். அவள் சோதித்துப் பார்த்து, எந்த மீன் விடலாம், எவ்வளவு விடலாம், தீவனம் என்ன, காற்றடிக்கிற மோட்டார் எப்போது போட வேண்டும் என்று சொல்லுவாள். குளத்துக்கும் நேரில் போவாள். எனக்கு இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் காலை நேரம் சும்மா இருப்பதால் வண்டியோட்டுகிற வேலை என்னுடையது.

குளத்துக்காரர்கள் சொல்வதில் பாதி பொய் என்பாள். தீவனம் எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்டால் குறைத்துச் சொல்வார்கள். மீன் செத்ததா என்று கேட்டால் ஒன்றிரண்டு என்பார்கள். அதனால் அவள் ஆளைப் பார்க்காமல் குளத்தைப் பார்ப்பாள். இன்னொரு வழக்கமும் உண்டு. முடிவைச் சொல்லும்வரை குளத்துக்காரர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். "அவிய வீட்டு மோர வாங்கிக் குடிச்சிட்டு, அவிய மூஞ்சியப் பாத்து நீங்கதான் தப்புப் பண்ணுனீங்கன்னு எப்படிங்க சொல்லுறது?" என்பாள். வெயிலில் நாக்கு வறண்டு அவளுக்குப் பின்னால் நிற்கிற எனக்கும் அதே சட்டம்தான். என்ன கொடுமை பாருங்கள்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை காலையில் அவளுக்குப் போன் வந்தது. பிளவக்கல் போகிற வழியில், வத்திராயிருப்பைத் தாண்டி மலையடிவாரத்தில் குளம் வைத்திருக்கும் கருத்தப்பாண்டி பேசினார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். "மேடம், எங்குட்டையில விஷம் வச்சிட்டாங்க. உடனே வாங்க" என்றார். எங்கள் ஊருக்குப் பக்கத்திலும் திருவண்ணாமலை என்று ஒரு குன்று உண்டு; அதன்மேல் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் பஸ் ஸ்டாண்டையே அடைத்துக்கொண்டு நின்றது. அதற்குள் புகுந்து கிளம்பி, கிருஷ்ணன்கோவில் வழியாக நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருந்தது.

கருத்தப்பாண்டி வாசலிலேயே எங்களை மறித்தார். "வண்டிய வெளிய நிறுத்துங்க தம்பி. டயர்ல என்ன ஒட்டியிருக்கோ" என்றார். சுற்றிலும் புதிதாக முள்வேலி. வேப்பமரத்தில் வாசலைப் பார்த்து ஒரு கேமரா. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஹெப்சிபா மட்டும், சரியான ஆளைப் பார்த்துவிட்டவள்போல அவரை மரியாதையாகப் பார்த்தாள்.

இரண்டு குளங்கள். பெரியது மண்குளம், அதில் வளர்ந்த மீன்கள் நன்றாகவே இருந்தன. அதற்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்த சின்னக் குட்டை. கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி அதில் விட்டு, விரல் நீளம் வளர்ந்ததும், ஐப்பசி மழையில் கண்மாய் பெருகும்போது குத்தகைக்காரர்களுக்கு விற்பது அவர் திட்டம். அந்தக் குட்டையில் தண்ணீர், அரிசி கழுவின கழனிபோல வெள்ளையாக இருந்தது. ஓரமெல்லாம் குஞ்சுகள் செத்து ஒதுங்கிக் கிடந்தன.

"பாத்தீங்களா, வெள்ளையா இருக்கா? பிளீச்சிங் பவுடர் மேடம்" என்றார் கருத்தப்பாண்டி. "அது யார்ட்ட மூட்டை மூட்டையா இருக்கு? எம்பொண்டாட்டி தம்பி இசக்கிமுத்துட்ட. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி யூனிட் வச்சிருக்கான்."

"வெளுத்ததெல்லாம் பாலும் இல்ல, பிளீச்சிங்கும் இல்ல. செத்த நேரம் சும்மா இருங்க" என்று ஹெப்சிபா புட்டிகளை எடுத்து வைத்தாள்.

அவர் சும்மா இருக்கவில்லை. அந்த நிலம் அவர் மனைவி சண்முகத்தாய்க்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அதன் மூலையில் துணி வெளுக்க ஒரு கொட்டகை போட்டுக்கொள்கிறேன் என்று இசக்கிமுத்து கேட்டிருக்கிறான். மருந்துத் தண்ணீர் நிலத்தில் இறங்கும், முடியாது என்று இவர் மறுத்துவிட்டுக் குளம் வெட்டியிருக்கிறார். அதிலிருந்து இரண்டு பேருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. "கொளம் செத்தா எடம் தானா காலியாகும்னு கணக்குப் போட்டுருக்கான். போன வாரம் வந்தான். இந்தக் குட்டை ஓரமா தனியா நின்னான். நான் எங்கண்ணால பாத்தேன்" என்றார்.

அவருக்கு வேண்டியது ஹெப்சிபாவின் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. விஷம்தான் என்று அவள் சொல்லிவிட்டால், திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனில் மச்சான்மேல் புகார். சித்தப்பா மகன் போலீசில் இருக்கிறாராம், விடமாட்டாராம்.

வீட்டுக்குள்ளிருந்து சண்முகத்தாய் மோர் கொண்டுவந்தார். நடுத்தர வயது. அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. "கிருஷ்ணன்கோவில்ல நீங்க மீன் வளக்க கிளாஸ் எடுத்தப்ப முன்னாடி உக்காந்திருந்தேன் மேடம், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். ஹெப்சிபா தலையாட்டினாள். மோரை மட்டும் வாங்கவில்லை. பொறவு குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் அந்தத் தம்ளரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

புருஷன் மோட்டார் பக்கம் போனதும் சண்முகத்தாய் கிட்டே வந்தார். "எம்மவ யுவராணிக்கு ஐப்பசியில கல்யாணம் மேடம். கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தந்தான். தாய்மாமன ஜெயிலுக்கு அனுப்பிட்டு எந்த மூஞ்சியோட மாலை எடுத்துக் குடுக்கச் சொல்லுவேன்? எந்தம்பி அப்படிச் செய்யுற ஆளே இல்ல." சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். குரலை இறக்கிக்கொண்டு, "செஞ்சிருப்பானோ?" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு மனசு என்னவோபோல ஆகிவிட்டது.

ஹெப்சிபா பிளீச்சிங் சோதிக்கிற சொட்டைத் தண்ணீரில் விட்டாள். மருந்து இருந்தால் மஞ்சளாக வேண்டும். மஞ்சளாகவில்லை. "அப்ப மச்சான் செய்யலியா?" என்று நான் வாயைத் திறந்தேன். "வெயில்ல ஒரே நாள்ல பறந்துரும். இல்லைங்கிறதுக்காகப் போடலன்னு ஆகாது" என்றாள். ஆக, பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதை என்று மிதிக்கவும் முடியவில்லை. மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தபோது மட்டும் அவள் புருவம் ஏறியது. மீன் மூச்சு விடுகிற காற்று அந்தத் தண்ணீரில் அறவே இல்லை.

பிறகுதான் அவள் துணியைக் கவனித்தாள். குட்டையின் கரையெல்லாம் கம்பு நட்டு, பேண்டேஜ் துணியை நாலைந்து மடிப்பாகத் தண்ணீருக்குள் தொங்கும்படி கட்டியிருந்தார்கள். தவளையும் தண்ணீர்ப்பாம்பும் குஞ்சுகளிடம் வராமல் இருக்கத் தடுப்பு. மற்ற ஊர்களில் இதற்கு நைலான் வலை வாங்குவார்கள். எங்கள் பக்கம் பேண்டேஜ் துணி மலிந்து கிடக்கிற இடம்; தக்காளி நாற்றை மூடுவதிலிருந்து மோர் வடிகட்டுவதுவரை அதுதான். ஹெப்சிபா துணியின் நுனியைப் பிடித்து விரலால் தேய்த்தாள். வழுவழுவென்று இருந்தது.

"துணி யாரு குடுத்தது?"

"அவந்தான். அதுவும் சும்மா குடுத்தான். ஒரு பைசா வாங்கல. அப்பவே எனக்கு ஒறைச்சிருக்கணும்" என்றார் கருத்தப்பாண்டி.

அவள் துணியில் ஒரு துண்டைக் கத்தரித்துப் பையில் போட்டுக்கொண்டாள். தண்ணீரைக் கேனில் பிடித்துக்கொண்டாள். "திங்கக்கெழமை காலையில வாரேன். அதுக்கு முன்னால எங்கயும் போகாதீங்க" என்று கருத்தப்பாண்டியிடம் சொன்னாள். அவர், நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் போவேன் என்கிற மாதிரி நின்றார்.

அங்கிருந்து நேரே இசக்கிமுத்துவின் யூனிட்டுக்கு விடச் சொன்னாள். வழியெல்லாம் நான் மச்சான்தான் என்று சாதித்துக்கொண்டு வந்தேன். இடம் கேட்டான், கொடுக்கவில்லை, தனியாக நின்றான், பிளீச்சிங் வைத்திருக்கிறான், இன்னும் என்ன வேண்டும்?

"போன மாசம் செருப்பக் காணோம்னதும் பால்காரர்தான் எடுத்தார்னீங்க. நாய் கவ்விட்டுப் போயிருந்துச்சு" என்றாள் பின்னாலிருந்து.

தறிச் சத்தத்தில் காது அடைத்தது. இசக்கிமுத்து ஒல்லியான ஆள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. பிளீச்சிங் டிரம்கள் சுவரோரம் வரிசையாக நின்றன. பார்த்தீர்களா என்கிற மாதிரி நான் ஹெப்சிபாவைப் பார்த்தேன்.

"எங்க மாமா அனுப்புனாராக்கும்?" என்றான்.

"நானாத்தான் வந்தேன். துணியப் பாக்கணும்" என்றாள்.

ஒரு பக்கம் தறியிலிருந்து இறங்கினபடியே மடித்த துணி. கொஞ்சம் பழுப்பாக, விறைப்பாக இருந்தது. இன்னொரு பக்கம் வெளுத்து அலசிக் காய வைத்தது. மெத்தென்று இருந்தது, லேசாக மருந்து வாசம் அடித்தது. ஹெப்சிபா இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். பையிலிருந்து குட்டையில் கத்தரித்த துணியை எடுத்து, தறித்துணியின்மேல் வைத்து விரலால் தேய்த்தாள். இசக்கிமுத்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று அவன் முகம் செத்துப்போனது. அதை நான் பார்த்தேன். அகப்பட்டான் கள்ளன் என்று நினைத்துக்கொண்டேன்.

"அக்கா குளத்துக்கு இதுல எதக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"கையில கெடச்சதக் குடுத்தேன்" என்றான்.

"யாரும் இதுதான் வேணும்னு கேட்டாங்களா?"

"யாரும் கேக்கல. நானாத்தான் குடுத்தேன். அம்புட்டுத்தான். ஸ்டேஷனுக்குப் போகணும்னா போகச் சொல்லுங்க, நான் வாரேன்." ஆனாலும் அவள் கேட்டதும், இரண்டு துணியிலும் ஒவ்வொரு முழம் கிழித்துக் கொடுத்தான்.

வெளியே வந்ததும், "பொய் சொல்லுதாரு" என்றாள்.

"நான் சொன்னேன்ல!" என்று குதித்தேன்.

"தப்பிக்கப் பொய் சொல்லுற ஆளுங்கள எம்புட்டோ பாத்திருக்கேன். இவரு மாட்டிக்கிறதுக்குப் பொய் சொல்லுதாரு. அது ஏன்னுதான் எனக்குப் பிடிபடல." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

வீட்டில் முன்னறையில் மூன்று டப்புகள் வைத்தாள். மூன்றிலும் எங்கள் தொட்டித் தண்ணீரோடு கருத்தப்பாண்டி குட்டைத் தண்ணீரையும் கொஞ்சம் கலந்தாள். ஒன்றில் துணி போடவில்லை. ஒன்றில் வெளுத்த துணி, ஒன்றில் தறித்துணி. மூன்றிலும் தன் குஞ்சுகளை விட்டாள். மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு டப்புகள் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆலயத்தில் நான் தனியாக நிற்பதைப் பார்த்து, அந்த அத்தை முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலையில் என்னை உலுக்கி எழுப்பினாள். தறித்துணி போட்ட டப்பில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருந்தது, அதே கழனி. குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்து கொண்டிருந்தன. பாதி ஏற்கெனவே மல்லாந்துவிட்டன. மற்ற இரண்டு டப்பிலும் மீன்கள் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தன. பால்கோவாவில் விட்ட அந்த அயோடின் புட்டியை எடுத்தாள். குட்டையிலிருந்து கத்தரித்த துணியில் ஒரு சொட்டு விட்டாள். துணி கருநீலமாக மாறிப்போனது.

"கஞ்சி!" என்றாள். "பாவு நூலு அறுந்து போகாம இருக்கக் கஞ்சி போட்டுத்தான் தறியில ஏத்துவாங்க. வெளுக்குறப்ப அம்புட்டும் போயிரும். தறித்துணியில அப்படியே இருக்கும். இத முதல் நாளே பாத்திருக்கணும். பால்கோவாவுக்கு இருந்த புத்தி இதுக்கு இல்ல."

எனக்கு விளங்கவில்லை. நூற்பாலையில் கஞ்சி கிடையாது. அது தறிக்காரர்கள் சமாச்சாரம். "ஏட்டி, கஞ்சி குடிச்சா மீனு சாகுமா? நம்ம முன்னோரெல்லாம் கஞ்சியிலதான வளந்தாங்க!" என்றேன்.

"மீனு கஞ்சியால சாகலங்க. கட்டுன துணியோட கஞ்சி அம்புட்டும் அந்தச் சின்னக் குட்டையில எறங்கியிருக்கு. அதத் திங்கக் கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடிக்கணக்குல பெருகிருச்சு. தண்ணி அதனாலதான் வெள்ளை. தண்ணியில இருந்த காத்த எல்லாம் அதுங்க உறிஞ்சிருச்சு. விடியக்காலம் குஞ்சுங்க மூச்சுமுட்டிச் செத்துருக்கு. வண்டிய எடுங்க."

நாங்கள் போய் நின்றபோது கருத்தப்பாண்டி இஸ்திரி போட்ட சட்டையும் ஷூவுமாக, புகார் கொடுக்கக் கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டார். இந்தத் தடவை வண்டியை எங்கே நிறுத்துவது என்று நான் கேட்கவில்லை. ஹெப்சிபா நேரே குட்டைக்குப் போய், கட்டியிருந்த துணியை இழுத்து, அவர் கண் முன்னாலேயே சொட்டு விட்டாள். அது நீலமானதையும், வீட்டு டப்பில் நடந்ததையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "விஷமும் இல்ல, பிளீச்சிங்கும் இல்ல. கஞ்சி. அம்புட்டுத்தான்" என்று முடித்தாள்.

அவர் நீலத் துணியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாடா, முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். முடியவில்லை.

"அப்ப கஞ்சித் துணியத் தெரிஞ்சே குடுத்திருக்கான்" என்றார். "தறிக்காரனுக்குக் கஞ்சி தெரியாதா? வெளுத்த துணி அம்புட்டு வச்சிக்கிட்டு, ஏன் இதக் குடுத்தான்? பிளீச்சிங்னா மாட்டிப்போம்னு கஞ்சியில கொன்னுருக்கான். பாவிப்பய. இது அதவிட மோசம்."

நான் ஹெப்சிபாவைப் பார்த்தேன். அவள் மறுக்கவில்லை. "அந்தக் கேள்விதான் எனக்கும் இருக்கு" என்றாள். "அந்த யூனிட்ல தறித்துணிய யாரும் வெளிய குடுக்குறதில்ல. யாராவது கேட்டு வாங்கியிருக்கணும். அவரு யாரும் கேக்கலன்னு பொய் சொல்லுதாரு."

பின்னால் தம்ளர் தட்டில் மோதுகிற சத்தம் கேட்டது. சண்முகத்தாய் மோரோடு நின்றிருந்தார்.

"நாந்தான் கேட்டேன்" என்றார்.

கருத்தப்பாண்டி திரும்பினார். "என்னட்டி சொல்லுத?"

"அவன் மொதல்ல வெளுத்த துணிதான் கொண்டாந்தான். நாந்தான் மோந்து பாத்துட்டு, பிளீச்சிங் வாசம் வருதுலே, இது குஞ்சக் கொன்னுரும், மருந்துல படாத தறித்துணி கொண்டான்னு திருப்பி அனுப்புனேன். இது வேண்டாம்க்கான்னு சொன்னான். நீ என்ன, எங்கொளம் சாகணும்னு பாக்கியான்னு கேட்டேன். பொறவு ஒரு வார்த்தை பேசல. போயி மாத்திக் கொண்டாந்தான். அந்தக் குட்டை ஓரமா நின்னுட்டுப் போயிட்டான்." அவருக்கு மூச்சு வாங்கியது. "கஞ்சின்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். ரெண்டு நாளா நானும் அவனத்தான் சந்தேகப்பட்டேன். எந்தம்பிய."

அப்போதுதான் எனக்கு அந்த முகம் செத்துப்போன நேரம் புரிந்தது. விரல் தேய்ப்பதைப் பார்த்ததும் அவனுக்குக் கஞ்சி விளங்கிவிட்டது. அதைச் சொன்னால் அக்காவின் பெயர் வெளியே வரும். மாமா அக்காவை என்ன செய்வாரோ. அதற்குப் பதிலாக ஜெயிலுக்குப் போகலாம் என்று நின்றிருக்கிறான். கள்ளன் என்று நினைத்த என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"பிளீச்சிங் வாசம் மீனக் கொல்லும்னு ஒனக்கு எவன் சொன்னது?" என்று கத்தினார் கருத்தப்பாண்டி.

சண்முகத்தாயின் கண் ஒரே ஒரு தடவை ஹெப்சிபாவின் பக்கம் போய்விட்டுத் தரைக்கு வந்தது.

"சொல்லுங்கக்கா" என்றாள் ஹெப்சிபா.

"நீங்கதான் மேடம்" என்றார், தப்புச் செய்தவர்போல. "கிளாஸ்ல சொன்னீங்கள்ல, பிளீச்சிங் வாசம் அடிக்கிற எதையும் குஞ்சுக் குட்டைக்குள்ள விடாதீங்கன்னு. நான் அத மனசுல வச்சிக்கிட்டேன்."

எந்தக் குளத்தங்கரையிலும் அடுத்த கேள்வி இல்லாமல் ஹெப்சிபா நின்று நான் பார்த்ததில்லை. அன்றைக்கு நின்றாள். காதோரம் வேர்வை இறங்கியதைத் துடைக்கவில்லை. எனக்கு அவள்மேல் பாவமாக இருந்தது. எதையாவது சொல்லி இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்று தோன்றியது.

"ஆமா, சொன்னேன்" என்றாள். "அலசிக் காயப்போட்டா அந்த வாசத்தால ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லல. கஞ்சியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. பேண்டேஜ் துணி நெய்யுற ஊர்ல உக்காந்துக்கிட்டு, குட்டையில அதத்தான் கட்டுவாங்கன்னு எனக்குத் தோணியிருக்க வேண்டாமா? அக்கா நான் சொன்னத அப்படியே செஞ்சிருக்காங்க. ஒங்க மச்சானையும், அக்காவையும், ஒங்களையும்கூட சந்தேகப்பட்டேன். நான் சொன்னதத் திரும்பிப் பாக்கல." பிறகு கருத்தப்பாண்டியை நேராகப் பார்த்தாள். "ஸ்டேஷனுக்குத்தான கிளம்பிட்டீங்க. போங்க. ஆனா ஹெப்சிபான்னு எம்பேரச் சொல்லுங்க."

கருத்தப்பாண்டி எங்கள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தார். ஒரு ஷூவைக் கழற்றினார். பிறகு மற்றதையும் கழற்றினார்.

"ஏட்டி, ஒந்தம்பிக்குப் போனப் போடு" என்றார்.

"நான் போடமாட்டேன். நீங்கதான் பேசணும்" என்றார் சண்முகத்தாய். அந்தக் குரலை அவர் வீட்டில் யாரும் அதற்குமுன் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கருத்தப்பாண்டியே போட்டார். எதிர்முனையில் தறிச் சத்தம் எங்களுக்கே கேட்டது. "ஏலே, வெளுத்த துணி இருக்கா?" என்றார். "இருக்குல்ல? எடுத்துட்டு வா."

இசக்கிமுத்து கேட்டான், "போலீசு அங்கயே நிக்குதா மாமா, இல்ல போற வழியில நானே ஸ்டேஷன்ல எறங்கிக்கிடவா?"

கருத்தப்பாண்டி கழற்றிய ஷூவைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "ஒங்கக்கா சோறு பொங்கப் போறா. நேரா வீட்டுக்கு வா" என்றார். போனை வைத்துவிட்டு முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சண்முகத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்ளரை ஹெப்சிபாவிடம் நீட்டினார். முடிவைச் சொல்லியாயிற்று, இனி வழக்கப்படி அவள் குடிக்கலாம். அவள் கையை நீட்டவில்லை.

"வேண்டாம்க்கா. செத்த குஞ்சுக்குப் பதிலா நானே குஞ்சு வளத்துக் கொண்டாந்து விடுதேன். அதுக்குப் பொறவு குடிக்கேன்."

"குடிங்க மேடம்" என்றார் சண்முகத்தாய், கோபமாகவே. "இதுல நான் ஒண்ணும் கலக்கல."

ஹெப்சிபா தம்ளரை வாங்கினாள். என் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு முகர்ந்துகூடப் பார்க்காமல் ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.